தலைச்சுமை போட்ட கோடு

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அரசு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், வந்தவர் உட்கார ஒரு பெஞ்சு. இருபத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். என் மனுவைப் படித்தால் கல்லும் கரையும் என்று பெயர். ‘நாதியற்ற’, ‘கண்ணீர் மல்க’, ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ எல்லாம் என் விரலுக்குத் தானாக வரும், யோசிக்கவே வேண்டாம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த அம்மா வந்து என் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த அம்மா வீட்டில் துடைப்பம் கட்டுகிற வேலை. புருஷனும் பெண்டாட்டியுமாகக் காப்புக்காட்டு ஓரத்தில் இருக்கும் மேட்டுப் புல்வெளிக்குப் போய்ப் புல் அறுப்பார்கள். கட்டுக் கட்டித் தலையில் வைத்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து காயப்போடுவார்கள். காய்ந்ததை உதறி, நீளம் பார்த்துப் பிரித்து, ஏரி மதகில் நனைத்து, கம்பி சுற்றி, அடியைத் தட்டிச் சமமாக்கினால் துடைப்பம். எங்கள் ஊரில் எந்த வீட்டு மூலையில் பார்த்தாலும் அவர்கள் கட்டியதுதான் நிற்கும். என் மேஜைக்கு அடியிலும் ஒன்று இருந்தது. தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. ஓட்டு வீடு. அந்தப் பக்கம் போனால் காய்ந்த புல்லின் வாசனை நம்மோடு கொஞ்ச தூரம் கூடவே வரும்.

காப்புக்காடாக இருந்தவரை வம்பில்லை. வருஷத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புல் அறுக்கலாம், சுள்ளி பொறுக்கலாம். இப்போது அதைத் தேசியப் பூங்கா ஆக்கப் போகிறார்கள். ஆக்கிவிட்டால் உள்ளே ஒரு இலையைக்கூடக் கிள்ள முடியாது. நல்ல விஷயம்தான், வேண்டாமென்று யார் சொன்னார்கள். எட்டு வருஷமாக அதற்கான பேச்சு நடந்தது. வனத்துறையில் கார்டாக இருக்கும் பையன், அதாவது அந்த அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, அதற்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்தக் குட்டையில் எத்தனை கால்தடம் என்று குறித்துக் குறித்தே பையன் பாதியாக இளைத்துவிட்டான். பூங்கா வரப் போகிறது என்று தெரிந்ததும் பெயிண்டு டப்பாவோடு போய்ப் பழைய பலகையைச் சுரண்டிப் புதுசாக எழுதத் தயார் பண்ணி வைத்துவிட்டான்.

வரைவு அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. கூடவே ஒரு வரைபடம். ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளுக்குள் சொல்லலாம். ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்த உடனே யாரோ சிரித்தார்கள். பச்சையடித்த பூங்காவுக்குள் தெருவின் கடைசி வீடு தெரிந்தது. துடைப்பக்காரர் வீடு. எல்லைக்கோடு அவர் வீட்டு முற்றத்தில் போய், வீட்டைக் காட்டுக்குள் தள்ளியிருந்தது. அதே கோடு, மேலே புல்வெளி இருக்கும் மேட்டை மட்டும் வளைந்து வளைந்து சுற்றி, அதைக் காட்டுக்கு வெளியே விட்டிருந்தது.

சிரிப்புக்குக் காரணம் கோடு அல்ல. கோட்டைக் காட்டியது அவர்தான். அதுதான் சிரிப்பு.

பழைய ஆவணத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘பிளந்த பாறையிலிருந்து ஏரி மதகு வரை நேராக.’ நட்ட கல்லெல்லாம் எப்போதோ காணாமல் போய்விட்டது. நடுவே புதர், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. அளக்க வந்த சர்வேயர், வழி தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டார். கார்டுப் பையன் தன் மாமாவைக் கைகாட்டினான். முப்பது வருஷமாக அந்த மண்ணை மிதிக்கிறவர், அவரை விட்டால் யார். மாமா முன்னால் நடந்தார், சர்வேயர் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பின்னாலேயே புள்ளி வைத்துக்கொண்டு போனார். கடைசியில் ‘இதுதான் பழைய எல்லை, நான்தான் காட்டினேன்’ என்று துடைப்பக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா. புல்லுக்கு ஆசைப்பட்டுக் கோட்டை வளைத்தான், கணக்குத் தப்பி வீட்டையே கோட்டைவிட்டான் என்று பேசியது. ‘நேர்கோடு’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டது. டீக்கடையில் யாராவது, “நேர்கோடு வர்றாரு, வழி விடுங்கப்பா, எந்தப் பக்கம் திரும்புவாருன்னு தெரியாது” என்பார்கள். அவர் டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனைப் பித்தலாட்டக்காரன் என்றால் அவனுக்கு நாக்கு எழாது. எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வரும்.

மூன்றாம் நாள் காலையில் இருவரும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

“அண்ணே, ஒரு மனு போடணும்” என்றார் அந்த அம்மா.

“தெரியும்மா. தாளைக்கூடச் சொருகிட்டேன்” என்று படபடவென்று நாலு வரி அடித்துப் படித்துக் காட்டினேன். “‘நாதியற்ற ஏழைகளாகிய நாங்கள், தங்கள் பொற்பாதம் பணிந்து, கண்ணீர் மல்க எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்’...”

“யாருண்ணே நாதியத்தவங்க?”

“அது ஒரு வழக்கம்மா. எல்லா மனுவுலயும் வரும்.”

“எனக்கு இவரு இருக்காரு. இவருக்கு நான் இருக்கேன். தம்பி காக்கி போட்டுக்கிட்டு நிக்கிறான். அதை எடுத்துருங்க.”

“சரி. பொற்பாதம் இருக்கட்டுமா?”

“அவங்க காலை நான் பாத்ததே இல்லையேண்ணே.”

“கண்ணீர்?”

“அழுதா சொல்றேன், அப்ப போட்டுக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷத் தொழில். தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, “அப்ப நீங்களே சொல்லுங்க, என்னதான் எழுதறது?” என்றேன்.

“என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க.”

“என்ன நடந்துச்சு? அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே. அண்ணே, நீங்க ஏன் வளைஞ்சு போனீங்க?”

துடைப்பக்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கப் புல் கிழித்த கோடுகள். “நான் வளைஞ்சு போகல. நேராத்தான் போனேன்” என்றார்.

“படத்துல வளைஞ்சு இருக்கே.”

“அதான் எனக்கும் புரியல. அவரு ‘நேராப் போங்க’ன்னாரு. நேராப் போனேன். என் காலுக்கு நேராத்தான் தெரிஞ்சுது. வீட்டுக்கு முன்னால வந்தப்பகூட எனக்கு ஒண்ணும் உறைக்கல.”

“மேட்டை ஏன் மேற்கால சுத்துனீங்க?”

“சுத்துனேனா? அங்க அப்படித்தானே போகணும்.”

மனுஷன் சத்தியமாகத்தான் சொல்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இதை எழுதி எந்த அதிகாரியிடம் நீட்டுவது. ‘நேராகத்தான் போனேன், கோடு தானாக வளைந்துவிட்டது’ என்றா. நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மா திடீரென்று புருஷன் பக்கம் திரும்பினார். “ஏங்க, அன்னைக்குத் தலையில என்ன வெச்சிருந்தீங்க?”

“தலையிலயா? ஒண்ணுமில்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. சர்வேயரு அடிக்கக் கொண்டுவந்த முளைக்குச்சிக் கட்டுதான் இருந்துச்சு. நாப்பது ஐம்பது குச்சி இருக்கும், மேல அந்த மூணு கால் ஸ்டாண்டு. தூக்கிக்கிட்டு முன்னால போங்கன்னாரு. அதெல்லாம் ஒரு சுமையா?”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார், கண்ணீரைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“அண்ணே, இவரு முப்பது வருஷமா தலையில கட்டோட நடந்தவரு. கட்டு ஏறிடுச்சுன்னா இவரு காலு இவரு பேச்சைக் கேக்காது. கட்டு சொல்ற வழியிலதான் போகும். வெறுங்கையோட போனா மேட்டுக்குக் கிழக்கு விளிம்புல விறுவிறுன்னு ஏறி இறங்கிடலாம். கட்டோட ஏறுனா மல்லாக்க விழ வேண்டியதுதான், அதனால மேற்கால சுத்துவோம். வீட்டுக்குப் பின்னால சரளைச் சரிவு. வெறுங்கைன்னா வழுக்கிக்கிட்டே இறங்கிடலாம். கட்டோட முடியாது, முன்னால முற்றத்துக்குத்தான் வருவோம். அங்கேர்ந்து மதகு. அந்த சர்வேயரு எல்லையை அளக்கல. எங்க புல்லுக்கட்டு வர்ற வழியை அளந்திருக்காரு.”

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். துடைப்பக்காரர் முகத்தில் மூன்று நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. “ஆமா” என்றார். “ஆமா. அதான்.” எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். பிறகு முகம் மெல்ல மாறியது.

“அப்ப நேராக் கோடு போட்டா வீடு வெளிய வந்துரும்” என்றார்.

“வரும்ல.”

“மேடு உள்ள போயிடும்.”

மேட்டுப் புல்வெளிதான் அவர்களுடைய சோறு. அதை விட்டால் ஏரிக்கரையில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குட்டைப் புல் உண்டு, அவ்வளவுதான். அதில் துடைப்பம் கட்டினால் குனிந்து பெருக்க வேண்டும், இடுப்பு விட்டுப் போகும். எந்தக் கடைக்காரர் வாங்குவார்.

“சாயங்காலம் வீட்டுக்கு வாங்கண்ணே. யோசிச்சுச் சொல்றோம்” என்று எழுந்துவிட்டார் அந்த அம்மா.

போனேன். மழை வருகிற மாதிரி மூட்டமாக இருந்தது. முற்றத்தில் காயப்போட்ட புல்லை இருவரும் அள்ளி அள்ளித் தாழ்வாரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு கை அள்ளினேன். கழுத்தெல்லாம் அரிப்பு எடுத்தது. முற்றத்தின் நடுவில் சிவப்புத் தலை வைத்த ஒரு முளைக்குச்சி நின்றது. எல்லை. அந்த அம்மா அதில் ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தார்.

உட்கார்ந்து டீ குடித்தோம். அவர்கள் கை சும்மா இருக்கவில்லை. அந்த அம்மா புல்லைப் பிடிபிடியாக எடுத்து உதற, பூந்தூள் பறந்தது. அவர் வாங்கிக் கம்பி சுற்றி, பல்லைக் கடித்து முறுக்கி, அடியைக் கல்லில் தட்டினார். டக், டக்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். “இங்க பாருங்க. கோடு கோணலுன்னே நாம பேச வேணாம். ‘முப்பது வருஷம் குடியிருந்த வீடு, போக்கிடம் இல்லை, கருணை கூர்ந்து விட்டுவிடுங்கள்’னு மட்டும் எழுதுவோம். நான் எழுதுற எழுத்துல அந்த அதிகாரி கர்சீப் எடுக்கலன்னா நான் இந்தத் தொழிலை விட்டுடறேன். வீட்டை மட்டும் நறுக்கி வெளிய விடுவாங்க. மேட்டைப் பத்தி யாரும் மூச்சு விடப் போறதில்ல. அது ஏற்கெனவே வெளியதானே இருக்கு. வீடும் ஆச்சு, புல்லும் ஆச்சு.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் துடைப்பக்காரர், என்னைப் பார்க்காமல்.

“என்ன நல்லா இருக்கு?” என்றார் அந்த அம்மா.

“நான் வளைக்கணும்னு வளைக்கலையே. தானா அப்படி ஆயிடுச்சு. கிடைச்சதை ஏன் விடணும்? புல்லு இல்லாம நாளைக்கு என்ன பண்ணுவோம், சொல்லு.”

“அன்னைக்குத் தெரியாம நடந்தீங்க. இன்னைக்குத் தெரிஞ்சுட்டு வாயை மூடிக்கிட்டா, ஊர் சொல்றது நெசமாயிடும்.”

அவர் கையில் இருந்த துடைப்பத்தைத் தட்டாமல் அப்படியே வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கார்டுப் பையன் சைக்கிளில் வந்து இறங்கினான். அக்கா வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குள் போகிற பையன், அன்றைக்கு வாசலிலேயே நின்றான். முகமே சரியில்லை. மாமாவைச் சர்வேயரோடு அனுப்பியது அவன்தானே.

“என்னால வந்த வினை மாமா” என்றான்.

“உள்ள வாடா. உன் மூஞ்சியைப் பாத்தா மழையே திரும்பிப் போயிடும்” என்றார் அந்த அம்மா. தலையில் இருந்த கட்டின் கதையைச் சொன்னார். பையன் கேட்கக் கேட்கக் கண்ணை அகல விரித்தான். சொல்லி முடித்ததும், “சரி, நீ சொல்லு. மேடு உள்ள வரணுமா வேணாமா?” என்றார்.

“அக்கா, நான் இதுல வாய் தொறந்தா தப்பு.”

“தொறக்காட்டியும் தெரியுது. எட்டு வருஷமா இந்தப் பூங்கா பூங்கான்னு தூக்கத்துல கூட உளறுற. மேடு இல்லாம வந்தா உனக்குப் பாதி வந்த மாதிரிதானே?”

அவன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். “மானெல்லாம் குட்டி போட அங்கதான்க்கா வருது. உசந்த புல்லு, ஒளிய வசதி. படத்துல அதை வெளிய விட்டுருந்ததைப் பாத்தப்பவே எங்க ரேஞ்சர் கேட்டாரு, ஏன்டா இப்படின்னு. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா மாமாவைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“மான் குட்டி போடறதை நீ எனக்குச் சொல்றியா? நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலேருந்து நான் பாக்குறேன்.”

அது உண்மை. அவர்கள் அறுக்கும் விதத்தை நான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். அரிவாளை வீசுவதற்கு முன் இடது காலால் புல்லை மெல்ல விலக்கிப் பார்ப்பார்கள். குட்டி சுருண்டு படுத்திருந்தால் அதைத் தொட மாட்டார்கள். தொட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அதைச் சுற்றி இரண்டு ஆள் நீளத்துக்கு வட்டமாகப் புல்லை விட்டுவிட்டு மற்றதை அறுப்பார்கள். அறுப்பு முடிந்தபின் தூரத்திலிருந்து பார்த்தால் மேடு முழுக்க அங்கங்கே புல் வட்டங்கள் நிற்கும். அதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

அந்த அம்மா உதறிய புல்லைக் கீழே வைத்தார். “இதைக் கேளுங்க” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். “இரக்கப்பட்டு வீட்டை விட்டாங்கன்னா, அடுத்து வர்ற அதிகாரிக்கு இரக்கம் இல்லாமப் போச்சுன்னா? மறுபடி இந்த அண்ணன்கிட்ட போய் இன்னொரு மனு எழுதி அழணுமா? ஆயுசு பூரா மனுவா போட முடியும்? கோடு நேரா இருந்தா யாரு வந்தாலும் அது அங்கதான் இருக்கும். வீட்டை யாரும் அசைக்க முடியாது.”

“புல்லு?”

“போகும்.” இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. “எனக்கு மட்டும் வலிக்கலையா? நீங்க என்னைக் கட்டிக்கிட்டு வந்த மறுவாரம் அங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. ஆனா அது எப்படி இருந்தாலும் போகத்தான் போகுது. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ரேஞ்சரு கண்டுபிடிப்பாரு. அப்ப உங்க கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவாங்க.”

மழைத்துளி ஓட்டில் விழ ஆரம்பித்தது. துடைப்பக்காரர் கீழே வைத்த துடைப்பத்தை எடுத்துக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினார். “எழுதுங்கண்ணே. என் தலையில கட்டு இருந்துச்சுன்னு எழுதுங்க” என்றார்.

மறுநாள் அடித்தேன். பதினோரு வரி. ஒரு அடைமொழி இல்லை, ஒரு பாதம் இல்லை. ‘அளவு நடந்த அன்று வழிகாட்டியவர் தலையில் சுமை இருந்தது. சுமையோடு போகும் வழியும் நேர்வழியும் ஒன்றல்ல. நேரில் வந்து பார்த்தால் காட்டுகிறோம்.’ என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மொட்டையான மனுவை எழுதியதில்லை. கையெழுத்து வாங்கும்போது வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. கண்ணீர் மல்க நான் எழுதிய மனுக்கள் வருஷக்கணக்கில் அந்த அலுவலகத்தில் தூங்குகின்றன.

விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். வரும்போதே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். பிளந்த பாறையடியில் எல்லோரும் கூடினோம். கார்டுப் பையன், சர்வேயர், துடைப்பக்காரர், அந்த அம்மா, நான். வேடிக்கை பார்க்க டீக்கடைக் கூட்டம் பாதி வந்திருந்தது.

சர்வேயருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. “மேடம், நான் நேராப் போங்கன்னுதான் சொன்னேன். தலையில நாலு குச்சி இருந்தா மனுஷன் நேரா நடக்க மாட்டானா? இதெல்லாம் ஒரு காரணமா?” என்றார்.

“சார் சொல்றது நியாயம்தான்” என்றார் அந்த அம்மா. காலையிலேயே அறுத்துக் கட்டி வைத்திருந்த புல்லுக்கட்டைக் காட்டினார். “நீங்களே தூக்கிட்டு நேராப் போயிடுங்க. போயிட்டீங்கன்னா நான் மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சர்வேயர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, “நல்ல யோசனை. போங்க” என்றார்.

துடைப்பக்காரர் தன் தோள்துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்து சர்வேயர் தலையில் பக்குவமாக வைத்தார். இரண்டு பேர் கட்டைத் தூக்கி ஏற்றினார்கள். “கழுத்தை விறைப்பா வெச்சுக்காதீங்க சார், காலைப் பாக்காதீங்க” என்று வேறு சொல்லிக்கொடுத்தார். தன்னைப் பொய்யன் ஆக்கிய ஆளுக்கு அப்படிப் பாங்காகச் சொல்லிக்கொடுக்க அவரால்தான் முடியும்.

சர்வேயர் கிளம்பினார். வைராக்கியத்தோடு மேட்டின் கிழக்கு விளிம்பைப் பார்த்தே போனார். ஐந்தாறு அடி ஏறினார். கால் சறுக்கியது, கட்டு பின்னால் இழுத்தது. நின்றார். இன்னொரு தடவை முயன்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் முடிவு பண்ணவில்லை, கால் முடிவு பண்ணியது. மெல்ல மேற்கே திரும்பி, மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சுற்றி முடிக்கிற இடத்தில் சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சி ஒன்று நின்றது. அவரே அடித்தது. அதைத் தாண்டி இன்னொன்று. அதையும் தாண்டினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். சரளைச் சரிவுக்கு வந்ததும் ஒரு கணம் எட்டிப் பார்த்தார், உடனே ஒதுங்கி முன்பக்கமாக இறங்கினார். நேரே துடைப்பக்காரர் வீட்டு முற்றம். “அப்பாடா” என்று கட்டைப் போட்டார். முற்றத்து முளைக்குச்சிக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சர்வேயர் குச்சியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், அவரும் சிரித்துவிட்டார். “எழுதிக்கங்க மேடம். எம்மேலதான் தப்பு. அன்னைக்குக் கட்டை நான்தான் தூக்கி வெச்சேன்” என்றார்.

டீக்கடைக் கூட்டத்தில் ‘நேர்கோடு’ என்று பெயர் வைத்த ஆளும் இருந்தான். அவன் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தான். நான் விடவில்லை. “எங்கப்பா போற? நேராப் போ” என்றேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். அதிகாரி படத்தை விரித்துப் பாறைக்கும் மதகுக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நேரா போட்டா வீடு தப்பிச்சுடுது. ஆனா மேடு பூராவும் உள்ள போகுது. தெரியுமாம்மா?”

“தெரியும்மா.”

“அங்கதானே புல்லு அறுக்குறீங்க?”

“ஆமாம்மா.”

“தெரிஞ்சுமா மனு போட்டீங்க? வீட்டை மட்டும் கேட்டிருந்தா நான் பரிசீலிச்சிருப்பேனே.”

“இவரு வளைக்கலைன்னு தெரியணும். அது தெரிஞ்சா மேடு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் போகட்டும்.”

அதிகாரி குறித்துக்கொண்டார். “கடைசி அறிவிப்பு வர்ற வரைக்கும் இந்த வருஷ அறுப்பு நீங்க அறுக்கலாம். அதுக்கப்புறம் முடியாது.”

“சரிங்கம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லட்டா? அந்தப் புல்லை வருஷா வருஷம் அறுத்தாத்தான் புல்லா இருக்கும். விட்டீங்கன்னா மூணாம் வருஷம் முள்ளுப் புதர் மண்டிடும், மான் உள்ளயே நுழையாது. அப்ப அறுக்க ஆள் தேடுவீங்க. எங்க வீடு தெரியும்ல? கோட்டுக்கு வெளிய முதல் வீடு.”

அதிகாரி பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்து அதையும் எழுதிக்கொண்டார். கார்டுப் பையன் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மனுவில் சேர்க்காமல் விட்ட கண்ணீர் அவனுக்குத்தான் வந்தது.

அந்த வருஷ அறுப்பை அவர்கள் அவசரமில்லாமல் அறுத்தார்கள். நான்கூட ஒரு நாள் போனேன். எப்போதையும்விட நிறைய வட்டங்கள் விட்டிருந்தார்கள். குட்டி இருந்த இடமா, வரும் என்று விட்ட இடமா, நான் கேட்கவில்லை. கட்டிய துடைப்பங்களில் ஒன்றை அந்த அம்மா என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் அதை இன்னும் பெருக்க எடுக்கவில்லை.

அறுப்பு முடிந்து, மழையும் முடிந்து, மேட்டில் மறுபடி புல் உயர்ந்திருந்த சமயம் எல்லைக்கல் நடும் நாள் வந்தது. கருங்கல் தூண்கள். டிராக்டர் மேட்டின் அடிவாரம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து கிழக்கு விளிம்பில் ஆள்தான் தூக்க வேண்டும். சர்வேயர் நான்கு கூலியாட்களோடு வந்திருந்தார்.

“ஒரு கல்லை நான் தூக்குறேன்” என்றார் துடைப்பக்காரர்.

“ஆள் இருக்காங்கண்ணே, நீங்க சும்மா வாங்க” என்றார் சர்வேயர்.

“வேணாம் சார். தலையில சுமையோட ஒரு தடவை நேராப் போயிடறேன்.”

அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. சும்மாடு வைத்துக் கல்லை ஏற்றிக்கொண்டார். அந்த அம்மா கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார், வெறுங்கையோடு. கால் வைக்கத் தோதான இடம் பார்த்து அவர் மிதிக்க, அதே இடத்தில் அவர் புருஷன் கால் வைத்தார். பின்னால் கருவியோடு சர்வேயர், அவர் பின்னால் கார்டுப் பையன், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நான். விளிம்பில் ஏறும்போது துடைப்பக்காரர் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. இரண்டு இடத்தில் நின்றார். மேற்கே பார்க்கவே இல்லை.

மேலே ஏறியதும் இடுப்பளவு புல். புது வெயிலில் பச்சென்று இருந்தது. அந்த அம்மா இடது காலால் புல்லை விலக்கி விலக்கிப் போனார். அறுக்க வரவில்லை, கையில் அரிவாளும் இல்லை. கால் பழக்கத்துக்குச் செய்தது.

சட்டென்று நின்றார். கையைப் பின்னால் நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். புல்லுக்குள் புள்ளி புள்ளியாக ஒரு குட்டி, சுருண்டு, காதைத் தாழ்த்திக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

அந்த அம்மா வலதுபக்கம் ஒதுங்கி, பெரிய வட்டமாகச் சுற்றி, அந்தப் பக்கம் போய் மறுபடி கோட்டுக்கு வந்தார். கல்லைச் சுமந்த மனுஷனும் அதே மாதிரி சுற்றினார். நாங்களும் சுற்றினோம். எல்லோரும் கடந்த பிறகு அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“சார், இந்த வளைவைப் புள்ளி வெச்சுடாதீங்க.”

“மெஷினை அப்பவே நிறுத்திட்டேன்மா” என்றார் சர்வேயர்.

கார்டுப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியால் வாயை மூடிக்கொண்டான். கல்லுக்கு அடியிலிருந்து துடைப்பக்காரர் குரல் வந்தது.

“பேசினது போதும், கல்லு அழுத்துது. நேராப் போ.”